புகையற்ற தணல்

கிரீனா வைத்த தணல் புகைந்தது என்று எங்கள் ஊரில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. பதினான்கு குளிர்காலங்கள், ஞாயிறுதோறும் இருவேளை ஆராதனைக்கும், எழுபது பெண்களின் பாதங்களுக்கு அவள் கால்கணப்பு வைத்தாள். மேற்பலகையில் ஐந்து துளையிட்ட மரப்பெட்டி, உள்ளே மண்சட்டி, சட்டியில் கரிமண் தணல். பாதங்களை அதன்மேல் ஊன்றிக் கறுப்புப் பாவாடையைச் சுற்றிலும் இறக்கிவிட்டால், கடற்காற்று சுவரைத் துளைக்கும் சனவரியிலும் இரண்டரை மணி நேரப் பிரசங்கத்தை ஒரு பெண் கேட்டு முடிக்கலாம். ஆண்களுக்குக் கணப்பு இல்லை. தேவபயம் ஆண்களைச் சூடாக்கும் என்று மூப்பர்கள் நம்பினார்கள், நாங்கள் நடுங்கினோம்.

சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டியைப் பற்றவைப்பது எவருக்கும் எளிது. எப்போது எடுப்பது என்பதில்தான் வேலை இருந்தது. முந்தி எடுத்தால் புகையும்; போதகர் இருமுவார்; மூப்பர்கள் தலையைத் திருப்புவார்கள். பிந்தி எடுத்தால் சாம்பல். சுடர் அவிந்து, புகை அற்று, கட்டி முழுதும் மாதுளை முத்தின் நிறங்கொள்ளும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தைக் கிரீனா அறிவாள். அதற்காகவே ஆலயத்தின் கோபுரத்தடி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலை செய்வாள். காற்றுப் பட்டால் தணல் விரைவில் எரிந்து தீர்ந்துவிடும். அவளுக்கு முன்பு அவ்வேலை பார்த்தவள் கதவைத் திறந்தே வைத்திருந்தாளாம். அவளைச் சோம்பேறி என்றே ஊர் நினைவில் வைத்திருந்தது.

கிரீனாவின் கணவன் யோசியாஸ் பண்ணையில் பசுக்களைப் பார்த்துக்கொள்பவன். பேச்சுக் குறைந்தவன், உண்ணுமுன்னும் உண்டபின்னும் வேதம் வாசிக்கிறவன். மணமாகி ஒன்பதாம் ஆண்டில் அவர்களுக்கு நெல்லா பிறந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் பிள்ளையில்லை. ஆலயத்தில் அமரும் வயது வந்தபின், ஞாயிறு விடியலில் அவன் பால் கறக்கப் போனதும் கிரீனா குழந்தையைக் கோபுரத்தடி அறைக்குக் கூட்டி வருவாள். தணலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. குளிர்காலத்தில் எங்கள் தீவிலேயே கதகதப்பான இடம் அது. தாய் கணப்புகளைச் சுமந்து உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். குழந்தை உள்ளே இருப்பாள்.

நெல்லாவுக்கு ஆறு வயதான ஆண்டு, நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தவள் தாயின் பாவாடையைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, தலைக்குள்ள யாரோ கல்லு உடைக்கிறாங்க."

"தொப்பி இறுக்கமா இருக்கும்டி. வீட்டுக்கு வா, தளத்தி விடுறேன்."

நான்கு அடி நடந்து, ஆலய வாயிற்படியில் குழந்தை வாந்தியெடுத்தாள். பின்னால் வந்த அத்ரியானா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். அவள் ரொட்டிக் கடைக்காரரின் மனைவி, கிரீனாவின் அடுத்த வீட்டுக்காரி; எங்கள் ஊரில் எவருக்கும் அஞ்சாதவர்களும் அவள் நாவுக்கு அஞ்சினார்கள்.

"என்ன கிரீனா, ஓய்வுநாள்ல அடுப்பு மூட்டி வறுத்துப் போட்டியா பிள்ளைக்கு? இப்படிக் கக்குது."

"நேத்து ஆக்குன கூழுதான் அக்கா. எங்க வீட்டுல இன்னைக்கு அடுப்பே பத்தவைக்கல."

"ஆமா, ஊருக்கெல்லாம் தணல் பத்தவைக்கிறியே, அது அடுப்புல சேராதாக்கும்!"

திங்களன்று நெல்லா வாய்க்கால் கரையில் ஆட்டுக்குட்டியாகத் துள்ளினாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் தலையைப் பற்றிக்கொண்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அவ்வாறே.

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. முதலில், தொப்பி நழுவாதிருக்க அதனுள் வைத்திருந்த செப்புப் பட்டையைக் கழற்றினார்கள். பின்பு பின்னல் பாரமாயிருக்கும் என்று கூந்தலை ஒட்ட வெட்டினார்கள். கொல்லரிடம் கூட்டிப்போய், சொத்தை என்று அவர் சொன்ன கடைவாய்ப் பல்லைப் பிடுங்கவைத்தார்கள். யோசியாஸ் கைகளைப் பிடித்துக்கொண்டான், கிரீனா தாடையைப் பிடித்துக்கொண்டாள். காதுகளின் பின்புறம் கடுகுப் பற்றுப் போட்டார்கள். தோல் கொப்பளித்து உரிந்தது. ஒவ்வொரு திங்களும் அந்த வாரத்து மருந்து வென்றதாகத் தோன்றும். ஒவ்வொரு ஞாயிறும் அது தோற்றுப்போகும். யோசியாஸ் மேசையில் கைகளைக் கோத்துக்கொண்டு, வாய்விட்டு, இந்தப் பிள்ளையின் தலைவலியை எனக்குத் தாரும் என்று மன்றாடுவதை அந்தத் தெருவில் போனவர்கள் கேட்டிருக்கிறோம்.

ஆண்டுக்கொருமுறை மூப்பர் வீடு தேடி வந்து ஆன்மாவை விசாரிப்பது எங்கள் வழக்கம். பிப்ரவரியில் மூப்பர் பௌதவைன் வந்தார். கிரீனா காப்பி வைத்தாள். அவர் குழந்தையைத் தம் முழங்கால்களுக்கு முன் நிறுத்தினார்.

"நெல்லா, வாரத்துல எந்த நாளு உனக்குத் தலை வலிக்கும்?"

"ஞாயிறுங்க."

"திங்கக்கிழமை?"

"இல்லைங்க."

"மாட்டுக் கொட்டில்ல?"

"அங்க வலிக்காதுங்க. அங்க நல்லாருக்கும்."

"தேவனோட வீட்டுல மட்டும் வலிக்கும். அப்படித்தானே?"

குழந்தை தாயைப் பார்த்தாள். தாய் உதவவில்லை. "ஆமாங்க," என்றாள்.

மூப்பர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யோசியாசு, இது தலைநோவு இல்லப்பா. உடம்புக்கு நாள் கிழமை தெரியாது. இருதயத்துக்குத்தான் தெரியும்."

"அவ ஆறு வயசுப் பிள்ளைங்க," என்றாள் கிரீனா.

"ஆறு வயசுக்கு ஆத்துமா இல்லையாம்மா? பிரசங்கத்துல மிட்டாய் குடுத்தாக்கூட வேணாங்குறாளாமே. மிட்டாயையே தள்ளுற பிள்ளை வசனத்தையா முழுங்கப்போகுது?"

பிரசங்கத்தின் முதற்பகுதி முடிந்ததும் தாய்மார்கள் புதினா மிட்டாய் கொடுப்பார்கள். அதை மறுத்த குழந்தை அதுவரை எங்கள் ஊரில் பிறந்ததில்லை. மூப்பருக்கு இதைச் சொன்னது அத்ரியானாதான் என்று கிரீனாவுக்கு விளங்கியது.

அதன்பிறகு ஒரு ஞாயிறு நெல்லாவுக்கு இருமல் கண்டது. பிரசங்கத்தில் இருமக் கூடாதென்று அவளை அத்ரியானாவின் மருமகளிடம், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவளிடம், விட்டுப்போனார்கள். யோசியாஸ் ஆலயத்திலிருந்து திரும்பும்போது குழந்தை எதிரே ஓடிவந்தாள்.

"அப்பா, வலிக்கல! இன்னைக்கு வலிக்கவே இல்லப்பா!"

அவள் மகிழ்ச்சியே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. யோசியாஸ் அன்று வீட்டுக்குள் போய், மண்டியிட்டுச் செபித்து, எழுந்து, பிரம்பை எடுத்தான். ஐந்து அடி. அடித்த பிறகு மறுபடியும் மண்டியிட்டான். அவன் அழுதான் என்று கிரீனா பின்னாளில் சொன்னாள். குழந்தைக்கு அது தெரியாது. அவள் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. அதுமுதல் தலை வலிக்கிறது என்று அவள் சொன்ன ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து அடி.

உயிர்த்தெழுந்த திருநாள் கழிந்து கணப்புகளை அடுக்கிப் பூட்டினார்கள். நெல்லாவின் தலைவலி நின்றது. மே மாதம் இல்லை, சூன் இல்லை, அறுவடை மாதத்திலும் இல்லை. அவள் மிட்டாய் கேட்டு வாங்கினாள். சங்கீதங்களை மனப்பாடம் செய்தாள். மூப்பர் ஆலய வாயிலில் யோசியாஸின் கையைப் பற்றிக் குலுக்கினார். "பாத்தியா? பிரம்பு பலிச்சிருச்சு," என்றார். நாங்களும் அப்படித்தான் சொன்னோம். யோசியாஸ் பிரம்பைக் கதவுக்குப் பின்னே ஆணியில் மாட்டினான்.

நவம்பர் வந்தது. கணப்புகள் வந்தன. முதல் ஞாயிறே குழந்தை நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"மறுபடியுமா?" என்றான் யோசியாஸ். அவன் குரலில் சினத்தைவிட அச்சம் மிகுந்திருந்தது. சென்ற ஆண்டு ஐந்து. இந்த ஆண்டு பத்து.

மூன்றாம் ஞாயிற்றுக்குப் பின் நெல்லா எதுவும் சொல்வதை விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். மூப்பரின் சொற்படி அவளுக்குப் போதகரின் மேடைக்குக் கீழே, நாற்புறமும் பலகை அடைத்துக் கதவிட்ட முன்னிருக்கையில் இடம், தன்னந்தனியே, ஊர்க்கண் முழுதும் அவள்மேல்.

டிசம்பரில் ஒரு விடியல், கோபுரத்தடி அறையில், அவள் தாயிடம் கேட்டாள்.

"அம்மா, நான் வெளிய கல்லறைப் பக்கம் உக்காந்துக்கட்டுமா?"

"பனியிலயா? கிறுக்குப் பிடிச்சிருச்சாடி?"

"இங்க உக்காந்தாத்தான் தலை ஆரம்பிக்குது. தணல்லேருந்து வருதும்மா."

கிரீனா அதுவரை மகளை அடித்ததில்லை. அன்று கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் அறைந்தாள்.

"என் தணல்ல புகை பாத்தியாடி? இந்த ஊர்ல எவளாச்சும் பாத்தாளா? சொல்லு!"

"புகை இல்லம்மா."

"அப்புறம் என்ன வருது? என்ன வருதுங்கறேன்!"

அன்று எங்கள் ஊரில் எவரைக் கேட்டிருந்தாலும் பதில் தெரிந்திராது. கிரீனாவுக்கும் ஞாயிறுகளில் தலை கனப்பதுண்டு. எழுபது பெட்டி சுமந்த களைப்பு என்று எண்ணிக்கொள்வாள்.

அறைந்த கை அவளை உறங்கவிடவில்லை. அந்த வாரமே தச்சரிடம் சொல்லி ஒரு சிறு கணப்பு செய்வித்தாள். மேற்பலகையில் துளைகளை நட்சத்திர வடிவில் இடச்சொன்னாள். சனவரி இரண்டாம் ஞாயிறு வாய்க்கால் அடிவரை உறைந்திருந்தது. ஆலயக் கதவிடுக்குகளைக் கம்பளித் துணியால் அடைத்திருந்தார்கள். கிரீனா எழுபது சட்டிகளுக்கும் மேலாகச் சிறந்த தணலைத் தேர்ந்து, புகை முற்றும் அறுமட்டும் காத்திருந்து, சிறு கணப்பில் இட்டு, மகளின் காலடியில் வைத்தாள். தன் கம்பளிச் சால்வையைக் குழந்தையின் தலையிலிருந்து தரைவரை கூடாரமாகப் போர்த்தி, முகம் மட்டும் தெரியவிட்டு, ஓரங்களைச் செருகினாள்.

"எனக்கு வேணாம்மா. காலு குளிரட்டும்."

"அம்மா மேல கோவமா? கதகதப்பா இருடி தங்கம்," என்று சொல்லி இருக்கைக் கதவைச் சாத்தினாள்.

பிரசங்கம் மூன்று பகுதியாக நடந்தது. இரண்டாம் பகுதியில் குழந்தையின் தலை சால்வைக்குள் தாழ்ந்தது. கடைசிச் சங்கீதத்துக்குச் சபை எழுந்து நின்றது. முன்னிருக்கையில் ஒருவர் மட்டும் எழவில்லை. ஆண்கள் வரிசையிலிருந்து யோசியாஸ் அதைப் பார்த்தான். மூப்பர் யோசியாஸைப் பார்த்தார். ஆசீர்வாதம் முடியுமட்டும் அவன் அசையவில்லை. எங்கள் ஆலயத்தில் ஆசீர்வாதத்துக்கு முன் எவரும் அசைவதில்லை. பின்பு நேரே நடந்து இருக்கைக் கதவைத் திறந்தான்.

"எந்திரி. எல்லாரும் பாக்கறாங்க."

சால்வையை இழுத்தான். குழந்தையின் கன்னங்கள் செவ்வாப்பிளாகச் சிவந்திருந்தன.

"என்னா நிறம் பாருங்கடி!" என்றாள் அத்ரியானா. "இதுக்கா தலைவலி? என் பேத்திக்கு இந்த நிறம் வர நான் முட்டை ஊட்டுறேன்."

யோசியாஸ் அந்தச் சிவந்த கன்னத்தில் அறைந்தான். தலை மறுபக்கம் சாய்ந்தது. "நடிக்காத நெல்லா," என்று மறுகன்னத்தில் அறைந்தான். தலை திரும்பச் சாய்ந்தது. ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே நின்றிருந்தோம். போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாவதாகக் கையை ஓங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த கிரீனா மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு பனியில் ஓடினாள்.

நகரத்திலிருந்து வைத்தியர் சறுக்கு வண்டியில் வந்தார். எங்கள் சபையைச் சேராதவர். குழந்தையின் நகங்களைப் பார்த்தார். கண்ணிமையை நீக்கிப் பார்த்தார். எந்த நாள் வலிக்கும் என்று அவரும் கேட்டார். ஆனால் அவர் எந்த மாதம் என்றும் கேட்டார். வலிக்குமுன் எங்கே இருப்பாள் என்றும் கேட்டார். பிறகு கோபுரத்தடி அறைக்கு நடந்துபோய், கதவைத் திறந்து, உள்ளே நுழையாமல் வாயிலிலேயே நின்றார்.

"என் தணல்ல புகையே கிடையாதுங்க ஐயா," என்றாள் கிரீனா.

"அதனாலதாம்மா," என்றார் அவர். "புகை இருந்தா இருமியிருப்பீங்க, கதவைத் திறந்திருப்பீங்க. இதுக்கு நிறம் இல்ல, மணம் இல்ல. மூடுன இடத்துல மூச்சோட போயி ரத்தத்துல உக்காந்துக்கும். பிள்ளை கன்னத்துச் சிவப்பு, அது ரத்தத்துல ஏறுன அடையாளந்தான்."

"பிள்ளை சொன்னா ஐயா. தணல்லேருந்து வருதுன்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கிரீனா தன் வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டாள்.

ஆறாம் நாள் நெல்லா கண் விழித்தாள். கண் விழித்தவள் வேறொருத்தி. பத்துவரை எண்ணத் தெரியவில்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக ஒரு மாதம் ஆயிற்று. எதைக் கேட்டாலும் சிரித்தாள். வலிக்கிறது என்ற சொல்லை அதன்பின் அவள் சொன்னதேயில்லை. வெந்நீர் கையில் கொட்டியபோதும் சொல்லவில்லை. யோசியாஸ் பிரம்பை முறித்துப் போடவில்லை. ஆணியில் இருந்த இடத்திலேயே விட்டுவைத்தான். கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தான். மேசையில் வேதம் வாசிக்கும் வழக்கம் நின்றது. ஞாயிறுகளில் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனான். அங்கே நல்லாருக்கும் என்று அவள் ஒருமுறை சொல்லியிருந்தாள்.

அந்தப் பிப்ரவரிக் கடைசியில் மூப்பர் முறைப்படி வந்தார். குழந்தையை முன்னே நிறுத்தினார்.

"நெல்லா, தேவனோட வீட்டுல இப்ப தலை வலிக்குதா?"

அவள் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார் மூப்பர். "எவ்வளவு அடக்கம் வந்திருச்சு பாரு."

யோசியாஸ் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூப்பர் காப்பியைக் குடித்து முடிக்காமல் போனார்.

வைத்தியர் சபைக்குக் கடிதம் எழுதியிருந்தார். மூப்பர்கள் கூடி ஆராய்ந்தார்கள். இருநூறு ஆண்டாக நம் தாய்மார்கள் கணப்பின்மேல் கால் வைத்து வசனம் கேட்டார்கள், எவள் செத்தாள் என்று கேட்டார்கள். கடிதம் அலமாரிக்குள் போயிற்று. கிரீனா போய்க் கேட்டாள். கதவுகளையாவது திறந்து வைக்கலாம் என்று மன்றாடினாள். பிரசங்கத்தில் காற்றடித்தால் போதகருக்குத் தொண்டை கட்டும் என்றார்கள்.

அந்த நவம்பரில் கிரீனாவின் தணல் புகைந்தது.

முதல் ஞாயிறு, தவறு என்று எண்ணினோம். இரண்டாம் ஞாயிறு பாவாடைகளுக்குள்ளிருந்து புகை சுருண்டு எழுந்தது. பெண்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள். போதகர் நடுவில் நிறுத்தி, கதவுகளைத் திறக்கச் சொன்னார். கடற்காற்று உள்ளே புகுந்து சங்கீதப் புத்தகங்களின் தாள்களைப் புரட்டியது. மூன்றாம் ஞாயிறும் அவ்வாறே, நான்காம் ஞாயிறும். பாதி எரிந்த கரிமண்ணை அவள் வேண்டுமென்றே சட்டியில் இட்டாள். பதினான்கு ஆண்டில் ஈட்டிய ஒரே புகழை அவள் தன் கையாலேயே கருக்கினாள்.

"பொண்ணுக்கு மட்டுமில்ல, அம்மாவுக்கும் மூளை போயிருச்சு," என்றாள் அத்ரியானா, வாயிலில் எல்லாரும் கேட்க. "தணல் வைக்கத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதுக்கு?"

புத்தாண்டில் வேலையை அவளிடமிருந்து எடுத்து, மூப்பரின் தம்பி மகளுக்குக் கொடுத்தார்கள். திறமைசாலி. கதவைத் தாழிட்டுக்கொண்டு, புகை முற்றும் அறுமட்டும் காத்திருந்தாள். எங்கள் பெண்கள் மறுபடியும் கதகதப்பாக அமர்ந்தார்கள்.

கிரீனா ஆராதனைக்கு உள்ளே போவதை விட்டாள். கல்லறைச் சுவரோரம் நின்று பாட்டை மட்டும் கேட்பாள். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை ஆராதனை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது, அத்ரியானாவின் ஐந்து வயதுப் பேத்தி வாயிற்படியில் தலையைப் பற்றிக்கொண்டு வாந்தியெடுத்தாள். நெல்லா எடுத்த அதே படி. கிரீனா விரைந்து வந்தாள்.

"அக்கா, அவளை உள்ள கூட்டிட்டுப் போகாதீங்க. கும்புட்டுக் கேக்கறேன். இது அதேதான்."

"உன் பொண்ணு மாதிரின்னு சொல்ல வந்தியா?" அத்ரியானா குழந்தையைப் பின்னே இழுத்துக்கொண்டாள். "தள்ளிப் போ. என் பேத்தி கிறுக்கு இல்ல. ரெண்டாம் ஆராதனைக்கு முன்வரிசையில உக்காருவா, பாரு."

இரு ஆராதனைகளுக்கும் இடையே ஊர் உணவுக்குப் போகும். பிற்பகலுக்கான தணல் கோபுரத்தடி அறையில் கனிந்துகொண்டிருந்தது. புதியவள் ரொட்டி தின்னப் போயிருந்தாள். கிரீனா வாய்க்காலின் பனிக்கட்டியைக் குதிகாலால் உடைத்து, வாளியில் நீர் முகந்து, கதவை அகலத் திறந்து வைத்து, சட்டி சட்டியாக ஊற்றினாள். எழுபதையும் அணைக்க ஒன்பது முறை வாய்க்காலுக்குப் போய்வந்தாள். ஆவி கோபுரம் முழுதும் எழுந்தது. மூப்பர்கள் வந்து பிடித்தபோது அவள் ஓடவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்திருந்தாள்.

அன்று பிற்பகல் எங்கள் பெண்கள் பற்கள் கிடுகிடுக்கப் பிரசங்கம் கேட்டார்கள். எந்தக் குழந்தையும் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அத்ரியானாவின் பேத்தி மிட்டாயைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள். எவரும் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு அறைக்குப் பூட்டு வந்தது. தணல் வழக்கம்போல் கனிந்தது. அந்த மாதக் கடைசியில் அத்ரியானாவின் வீட்டுக் கதவுக்குப் பின்னே ஒரு பிரம்பு தொங்கக் கண்டேன்.

கிரீனாவைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். மனந்திரும்பியதாகச் சபைமுன் அறிக்கையிட்டால் சேர்த்துக்கொள்வதாகத் தீர்ப்பு. ஆண்டுதோறும் மூப்பர் பௌதவைன் அவள் வாயிலில் நின்று, உள்ளே அழைக்கப்படாமலே, கேட்பார்:

"கிரீனா, ஓய்வுநாள்ல ஆலயத்துத் தணலை அணைச்சியே, அதுக்காக மனசு வருந்துறியா?"

அவள் நெல்லாவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்:

"வருந்துறேன் ஐயா. ரெண்டு வருசம் முந்தியே அணைச்சிருக்கணும்."

மனந்திரும்பவில்லை என்று மூப்பர் எழுதிக்கொள்வார். பதினெட்டு ஆண்டு அவ்வாறே எழுதினார். பத்தொன்பதாம் ஆண்டு அவர் வந்தபோது கிரீனா உயிரோடு இல்லை. கதவைத் திறந்த நெல்லா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.